சிங்கிள் பிளொக்கில் சரி, ஓட்டோவில் பிழை: சிஎன்சி மெசினின் முன்வாசிப்புக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஒரு வரியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரும் வரிகளை வாசித்து, கணக்குப் போட்டு, பஃபரில், அதாவது தற்காலிக நினைவில், அடுக்கி வைத்துக்கொள்வது எல்லா சிஎன்சி கொன்ட்ரோலுக்கும் வழக்கம். இதுதான் முன்வாசிப்பு. அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு வரி முடியும்போதும் மெசின் நின்று நின்றுதான் போகும். வெட்டிய முகத்தில் நின்ற இடமெல்லாம் தழும்பு விழும்.

ஆகவே புரோகிராமில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரம் உண்டு: கொன்ட்ரோல் அதை வாசித்த நேரம் ஒன்று, மெசின் அதை ஓட்டிய நேரம் இன்னொன்று. கீழே வரும் கோளாறு எதை எடுத்தாலும் இந்த இடைவெளியில்தான் போய் முடியும். ஆனால் அவை இரண்டு சாதி. வாசிக்கக்கூடாத நேரத்தில் முந்தி வாசித்ததால் வருவது ஒன்று. போதிய வரிகளை வாசித்து வைக்க முடியாமல் பஃபர் காய்ந்து போவதால் வருவது மற்றது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதுக்கு விஷம். முன்வாசிப்பை ஒரேயடியாக நிறுத்திவிட்டு “சரி, இப்ப அலாரம் வரல்ல” என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அடுத்த அச்சு (மோல்ட்) வேலையில் முகமெல்லாம் வரிவரியாக வந்து நிற்கும்.

கொழும்பைச் சுற்றி இரத்மலானை, ஏக்கலை, பியகம பக்கத்துப் பட்டறைகளில் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் மெசின்கள் நிறைய ஓடுகின்றன. கூட வந்த மெனுவல் ஜப்பானிய மொழியில் இருக்கும், இல்லாவிட்டால் மெனுவலே இருக்காது. அதனால் ஃபனக் கொன்ட்ரோலைத்தான் இங்கே அதிகம் பேசுகிறேன். ஹாஸ், சீமென்ஸ், ஹைடன்ஹைன், மர வேலைக்கான ஜிஆர்பிஎல் பற்றி வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் எந்தச் சாதி என்று பாருங்கள்

கொன்ட்ரோலின் அமைப்புகள் உள்ள பராமீட்டர் பக்கத்தைத் திறக்க முன் ஒரு சோதனை. வேலை ஓஃப்செட்டில் (துண்டின் பூச்சியம் எங்கே என்று சொல்லும் இடத்தில்) இசெட்டை 50 மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டு, ரப்பிட் ஓவர்ரைடை, அதாவது வெட்டாத வேகமான நகர்வின் சதவீதத்தை, குறைத்து, காற்றிலே ஒரு முறை ஓட்டோவில் ஓட்டுங்கள். அப்புறம் அதே புரோகிராமை சிங்கிள் பிளொக்கில், அதாவது ஸ்டார்ட் அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாக, ஓட்டுங்கள்.

சிங்கிள் பிளொக்கில் சரியாகவும் ஓட்டோவில் பிழையாகவும் வந்தால், முந்தி வாசித்த கோளாறு. இரண்டிலும் ஒரே பிழை என்றால் பஃபரைத் திட்டாதீர்கள். புரோகிராமையும் ஓஃப்செட்டையும் பாருங்கள். அளவு சரி, ஆனால் மெசின் திக்கித் திக்கிப் போகிறது, முகம் கெட்டுப் போகிறது, நேரம் இழுக்கிறது என்றால் பஃபர் காய்ந்த கோளாறாக இருக்கலாம். அதை சிங்கிள் பிளொக்கில் பிடிக்க முடியாது. அதற்கான சோதனை பின்னால் வருகிறது.

ஃபனக்கில் ஒரு விஷயம் கவனம். சிங்கிள் பிளொக் சுவிட்ச் போட்டாலும் மெக்ரோ வரிகளில் (கணக்கும் நிபந்தனையும் உள்ள வரிகளில்) மெசின் நிற்காது, தாண்டிப் போய்விடும். பராமீட்டர் 6000 இன் 5ஆம் பிட்டை 1 ஆக்கினால் அங்கேயும் நிற்கும். சோதனை முடிந்ததும் மறக்காமல் 0 ஆக்குங்கள். அந்த பிட் 1 ஆக இருக்கும்போது கட்டர் கொம்பென்சேஷனுக்குள் (கட்டரின் ஆரத்துக்கேற்பப் பாதையைத் தள்ளும் முறைக்குள்) மெக்ரோ வரியில் நின்றால், அதை நகராத வரியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு பாதையைப் பிழையாகப் போடக்கூடும்.

சென்சர் ஓன், ஆனால் மெசின் ஓஃப் என்கிறது

“அண்ணே, கிளாம்ப் புடிச்சிருச்சு, லைட்டும் எரியுது. ஆனா மெசின் புடிக்கலன்னு அலாரம் அடிக்குது.”

“சிங்கிள் பிளொக்ல போட்டுப் பாருங்க தம்பி.”

“அதுல ஒண்ணும் இல்லண்ணே, நல்லா ஓடுது.”

இவ்வளவு கேட்டாலே போதும். புரோகிராமைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும்: எம்21 என்று கிளாம்ப் பிடிக்கச் சொல்லும் வரி. அதற்கு அடுத்த வரியில் #1000 பூச்சியமாக இருந்தால் அலாரத்துக்குத் தாவு என்று ஒரு மெக்ரோ. #1000 முதல் #1015 வரை, மெசினின் சென்சர், சுவிட்சுகளைக் கவனிக்கும் பீஎல்சியிலிருந்து வரும் சிக்னல்கள். எழுதியவர் நினைத்த ஒழுங்கு, முதலில் பிடி, பிறகு பார் என்பது. கொன்ட்ரோல் செய்வதோ வேறு. எம்21 தொடங்கி, சிலிண்டர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த மெக்ரோ வரியைக் கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. அந்த நொடியில் சிக்னல் உண்மையிலேயே 0 தான். மெசின் பொய் சொல்லவில்லை, பழைய உண்மையைச் சொல்கிறது.

ஃபனக்கில் இதற்கு நேரான வழி பராமீட்டர் 3411 முதல் 3420 வரை. அங்கே ஒரு எம் நம்பரை எழுதினால், அந்த எம் முடியும் வரை அடுத்த வரியை வாசிக்காது. 3411 இல் 21 என்று எழுதலாம். நான் அப்படிச் செய்வதில்லை. எம்21 வேறு எந்தெந்தப் புரோகிராமில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பீஎல்சியில் வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு எம் நம்பரை, முடிந்தது என்ற சிக்னலை மட்டும் திருப்பிக் கொடுக்கும்படி வைத்து, அதை 3411 இல் எழுதி, மெக்ரோ வரிக்கு முன்னால் தனி வரியாகப் போடுவதுதான் சுத்தம். புரோகிராமைப் பார்க்கிறவருக்கும் இங்கே ஏதோ காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். எம்00, எம்01, எம்02, எம்30 நான்கும் பராமீட்டரில் எழுதாமலே முன்வாசிப்பை நிறுத்தும். பராமீட்டரைத் தொட அனுமதி இல்லாத இடத்தில், எக்ஸ், வை, இசெட் என்ற அச்சுப் பெயர் எதுவும் இல்லாமல் ஜி53 ஐ மட்டும் தனி வரியாகப் போட்டு அதே வேலையை வாங்கலாம்.

சிலர் இதற்குக் காத்திருக்கும் சுற்று ஒன்றை எழுதுவார்கள்: #1000 பூச்சியமாக இருக்கும் வரை அதே வரிக்குத் திரும்பு என்று. சிக்னல் ஓஃபிலிருந்து ஓனுக்கு வரக் காத்திருக்கும்போது இது வேலை செய்யும், சீக்கிரமே தொடங்கினாலும் ஓன் ஆகும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் போன சுற்றில் ஓன் ஆன சிக்னல் இன்னும் விழாமல் இருந்தால், சுற்று ஒரு தடவையும் சுற்றாமல் தாண்டிவிடும். அன்றைக்குக் கிளாம்ப் பிடிக்காத துண்டின்மேல் கட்டர் இறங்கும். அதனால் சுற்று எழுதினாலும் அதற்கு முன்னால் முன்வாசிப்பை நிறுத்தும் வரி ஒன்று இருக்கட்டும்.

ஹாஸில் ஜி103 பி1 போட்டால் முன்வாசிப்பு ஒரு வரியாகச் சுருங்கும். ஜி103 பி0 போட்டால் பழையபடி விரியும். பி க்கு 15 வரை கொடுக்கலாம். ஜி103 பி1 ஐத் தொட்டாற்போல மெக்ரோவை எழுதாமல், நடுவில் சில வெறும் வரிகளை, அதாவது வரிமுடிவுக் குறி மட்டும் உள்ள வரிகளை, விடுங்கள். அந்த வெறும் வரிகள் அழகுக்கு அல்ல. அவற்றை “தேவையில்லாதது” என்று அழித்து உதவி செய்கிற கை ஒன்று எல்லாப் பட்டறையிலும் இருக்கும். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

சீமென்ஸில் ஸ்டொப்ரீ என்ற சொல்லைத் தனி வரியில் எழுதினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் அச்சின் நிலையைக் கேட்கும் பல மாறிகளுக்கு அது தானாகவே நின்றுவிடும். ஹைடன்ஹைனில் எஃப்என் 20 இன் வெயிட் ஃபோர் சிங்க். லினக்ஸ்சிஎன்சியில் எம்66 வரி அடுக்கை உடைத்துவிடும், அதற்குப் பிறகு வாசிப்பது புது மதிப்பு.

எந்தக் கொன்ட்ரோலானாலும் ஒன்று பொது: முன்வாசிப்பை நிறுத்தினால் அச்சுகள் அந்த இடத்தில் நின்றுதான் தொடரும். கட்டர் பொருளில் பட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் தழும்பு விழும். ஆகவே கேள்வி கேட்கும் வரிகளைக் கட்டர் வெளியே தூக்கிய பிறகு கேளுங்கள்.

நிலையை வாசித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண்

ஃபனக்கில் #5041 வரிசை இப்போதைய நிலையைத் தரும். நகரும்போது வாசிப்பதற்கானது அல்ல அது. முந்தைய நகர்வு முடியும் முன்னரே மெக்ரோ வாசித்துவிட்டால் வழியிலுள்ள ஏதோ ஒரு எண் வரும். மருந்து மேலே சொன்னதுதான். புரோப் வைத்து அளக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. புரோப் தொட்டதும் நிற்கும் ஜி31 நகர்வு தானே முன்வாசிப்பை நிறுத்தும், தொட்ட இடம் #5061 வரிசையில் பத்திரமாக இருக்கும். ஜி31 க்குப் பிறகு #5041 ஐ வாசித்துவிட்டு “புரோப் பிழை” என்று சொல்பவர்களுக்கு: புரோப் தொட்ட பிறகும் அச்சு கொஞ்சத் தூரம் ஓடித்தான் நிற்கும். நீங்கள் வாசித்தது நின்ற இடம், தொட்ட இடமல்ல.

#3001 மில்லிசெக்கன் கடிகாரத்தால் சுற்று நேரம் அளக்கும்போது நம்ப முடியாத சிறிய எண் வந்தாலும் இதே கதை. முடிவு நேரத்தை எடுக்கும் வரியை மெசின் எப்போதோ வாசித்து முடித்திருக்கும்.

திக்கித் திக்கிப் போகிறது, முகத்தில் வரி விழுகிறது

இது மற்றச் சாதி. அச்சு வேலை, முப்பரிமாண முகம், நெருக்கமான சின்னச் சின்னக் கோடுகள் உள்ள புரோகிராம். எஃப்3000, அதாவது நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஃபீட் (வெட்டும் வேகம்), என்று எழுதியிருக்கும், திரையில் உண்மையான ஃபீட் 200, 400, 150 என்று ஆடும்.

முதலில் இது காய்ந்ததா, வேண்டுமென்றே குறைத்ததா என்று பிரிக்க வேண்டும். மூலையிலும் வளைவிலும் ஃபீட் விழுவது கொன்ட்ரோலின் நல்ல குணம். அதை நோய் என்று எண்ணக்கூடாது. பிரிப்பதற்கு ஒரு எளிய புரோகிராம் செய்யுங்கள். வெட்டாமல் காற்றிலே, 100 மில்லிமீட்டர் நேர்கோடு. ஆனால் ஒரே வரியாக அல்ல, 0.1 மில்லிமீட்டர் துண்டுகளாக 1000 வரி. கோட்டைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு வரியிலும் எக்ஸ், வை, இசெட் மூன்றும் மூன்று தசமத்தோடு இருக்கட்டும். எஃப்3000 இல் இது 2 செக்கனில், வேகம் எடுத்து நிற்கும் நேரத்தோடு கொஞ்சம் கூட, முடிய வேண்டும். நேர்கோட்டில் மூலை இல்லை, குறைக்கக் காரணமில்லை. போனில் நேரம் பாருங்கள்.

இதையே இரண்டு விதமாக ஓட்டுங்கள்: கொம்பியூட்டரிலிருந்து வயர் வழியாக ஒரு தடவை, மெசினின் மெமரியில் ஏற்றி ஒரு தடவை.

வயரில் 26 செக்கன், மெமரியில் 2 செக்கன் என்றால் குற்றவாளி வயர்தான். கணக்கு இது: செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட் 1, தரவு 7, பிழை பார்க்கும் பரிட்டி 1, நிறுத்த பிட் 2 என்று ஓர் எழுத்துக்கு 11 பிட். செக்கனுக்கு ஏறக்குறைய 870 எழுத்து. மூன்று அச்சும் உள்ள ஒரு வரி 23 எழுத்து என்றால் செக்கனுக்கு 38 வரி. ஒரு வரி 0.1 மில்லிமீட்டர் என்றால் 3.8 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு வெறும் 228. எஃப் எவ்வளவு எழுதினாலும் அதற்கு மேல் போகாது. மெசினுக்கு வேகம் இருக்கிறது, சாப்பாடு வருவதில்லை.

வேகத்தை 19200 ஆக்கினால் இரட்டிப்பாகும். வரி எண்களையும் இடைவெளிகளையும், புரோகிராமை எழுதித் தரும் கேம் மென்பொருளில் நிறுத்தினால் இன்னும் மிச்சம். ஆறு எழுத்து வரி எண்ணும் மூன்று இடைவெளியும் சேர்ந்தால் 23 எழுத்து 32 ஆகிவிடும். ஆனால் இந்தப் பிச்சைக்காரக் கணக்கிலிருந்து ஒரேயடியாகத் தப்ப வழி, வயரை விட்டுவிடுவது. கார்ட் ஸ்லொட் உள்ள ஃபனக் என்றால் பராமீட்டர் 20 ஐ 4 ஆக்கி, 138 இன் 7ஆம் பிட்டை 1 ஆக்கினால் மெமரி கார்டிலிருந்தே நேராக ஓட்டலாம். கார்ட் விலை ஒரு கெட்டுப்போன அச்சுத் துண்டின் விலைக்குக் கிட்டவும் வராது.

மெமரியில் ஓட்டினாலும் மெதுவாகத்தான் போகிறது என்றால், கொன்ட்ரோல் போதிய தூரம் முன்னால் பார்ப்பதில்லை. மழை இரவில் ஹெட்லைட் அடிக்கும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகத்தில்தானே வாகனத்தை ஓட்டலாம், அதே நியாயம். வாசித்து வைத்த கடைசி வரியில் நிற்க வேண்டி வரலாம் என்றுதான் கொன்ட்ரோல் எப்போதும் நினைக்கும். முடுக்கம் செக்கனுக்குச் செக்கன் 1000 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 0.1 மில்லிமீட்டர் துண்டுகளில் ஒரே ஒரு வரி முன்னால் தெரிந்தால் பாதுகாப்பான வேகம் நிமிடத்துக்குச் சுமார் 850. 20 வரி தெரிந்தால் சுமார் 3800. 200 வரி தெரிந்தால் 12000. வரிகளின் எண்ணிக்கை பத்து மடங்கானால் வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும். அதனால் நீண்ட முன்வாசிப்பு ஓப்ஷன் வாங்க ஓடுவதற்கு முன் துண்டின் நீளத்தைப் பாருங்கள். கேம் மென்பொருளில் பொறுதியை, அதாவது பாதை விலக விடும் அளவை, 0.001 என்று வைத்துவிட்டு மெசினைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. 0.01 போதும் என்ற முகத்துக்கு 0.01 கொடுங்கள். வட்டவில் பொருத்தும் வசதி இருந்தால் ஜி02, ஜி03 ஆக வெளியே எடுங்கள். வரிகள் பாதியாகக் குறைந்தாலே மெசினின் நடை மாறும்.

ஃபனக்கில் ஜி05.1 கியூ1 ஐத் தனி வரியாகப் போட்டால் நீண்ட முன்வாசிப்பு தொடங்கும், ஜி05.1 கியூ0 முடிக்கும். ஓப்ஷன் இல்லாத கொன்ட்ரோலில் அலாரம் 10 வரும், பயப்பட ஒன்றுமில்லை. டூல் மாற்ற முன்னும், மேலே சொன்ன சென்சர் கேள்விகளுக்கு முன்னும் கியூ0 போட்டுவிடுங்கள். நீண்ட முன்வாசிப்பு ஓடும்போது மெக்ரோ இன்னும் பல வரி முந்தியே கணக்குப் போடப்படும். சீமென்ஸில் ஸ்டொப்ஃபிஃபோ, ஸ்டார்ட்ஃபிஃபோ என்று ஒரு சோடி உண்டு. முதலாவது பஃபர் நிரம்பும் வரை ஓட்டத்தை நிறுத்தி வைக்கும், இரண்டாவது அவிழ்த்துவிடும். நெருக்கமான பகுதிக்குச் சற்று முன், கட்டர் வெளியே இருக்கும்போது போட்டால் நல்ல பலன்.

மொறட்டுவையில் மரச் செதுக்கலுக்கு ஓடும் சின்ன ரவுட்டர்களில் ஜிஆர்பிஎல் இருந்தால், பஃபரைக் கண்ணாலேயே பார்க்கலாம். $10=3 என்று கொடுங்கள். நிலை அறிக்கையில் பிஎஃப் என்று தொடங்கி இரண்டு எண் வரும். முதலாவது, நகர்வுகளை அடுக்கி வைக்கும் பிளானரில் காலியாக உள்ள இடம், இரண்டாவது சீரியல் பஃபரில் காலியாக உள்ள எழுத்து. 15, 128 என்று நின்றால் எல்லாம் காலி. வெட்டும்போது முதல் எண் 0, 1, 2 இல் இருந்தால் நலம். 12, 14 என்று போனால் கொம்பியூட்டர் அனுப்பப் பிந்துகிறது. 115200 வேகத்தில் வயருக்குப் பஞ்சமில்லை. ஒரு வரி அனுப்பி, ‘ஓகே’ வரும் வரை காத்திருந்து, அடுத்ததை அனுப்பும் முறையில் மென்பொருள் இருக்கிறதா பாருங்கள். எழுத்து எண்ணி அனுப்பும் முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதே கொம்பியூட்டரில் யூடியூப் ஓடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பாதியில் அலாரம் 85, 86, 87

மூன்றும் வயர் பக்கம். 85 என்றால் பரிட்டி, வேகம், பிட் அமைப்பு இரண்டு பக்கமும் பொருந்தவில்லை, அல்லது இரைச்சல். 86 என்றால் எதிர்ப்பக்கக் கருவி தயார் என்ற சிக்னல் விழுந்துவிட்டது. வயரையும் பிளக்கையும் பாருங்கள். கடல் காற்று அடிக்கும் ஊரில் பின்கள் பச்சை பிடிப்பது புதினமல்ல.

87 தான் பஃபருக்கு உரியது. மெசின் “போதும், நிறுத்து” என்று சொன்ன பிறகும் பத்து எழுத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது என்று அர்த்தம். பழைய கொம்பியூட்டர் சீரியல் துவாரத்தில் நன்றாக ஓடிய மெசின், லப்டொப்புக்கும் யூஎஸ்பி மாற்றிக்கும் போனதும் 87 அடிக்கத் தொடங்கும். மாற்றிக்குள் அதற்கென்று ஒரு பஃபர் இருக்கிறது. விண்டோஸ் நிறுத்தினாலும் அதில் ஏற்கெனவே ஏறியவை வந்து கொட்டும். டிவைஸ் மனேஜரில் அந்தத் துவாரத்தின் அனுப்பும் பஃபரை மிகக் குறைவாக வையுங்கள். வயர் வழியே புரோகிராமை அனுப்பும் டிஎன்சி மென்பொருளில் மென்பொருள் வழி நிறுத்தல் முறை, அதாவது எக்ஸோன், எக்ஸோஃப், தெரிவாகியிருக்கிறதா பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு சிப் உள்ள மாற்றியை மாற்றிப் பார்ப்பதே வேகமான வழி. பம்பலப்பிட்டி கொம்பியூட்டர் கடைகளில் கேட்கும்போது நிறுத்தல் சிக்னல்களைச் சிப்பே கவனிக்கும் வகை வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

கொம்பென்சேஷன் போட்ட பொக்கெட்டில் மூலை வெட்டுப்பட்டுவிட்டது

ஜி41 இல், அதாவது கட்டர் கொம்பென்சேஷனில், ஓடும் ஒரு பொக்கெட்டின் (குழியின்) உள்மூலை. கட்டர் சுவருக்குள் ஒரு கடி கடித்துவிட்டது, அல்லது அலாரம் 41 வந்து நிற்கிறது. கடியின் ஆழத்தை அளந்து பாருங்கள். 10 மில்லிமீட்டர் கட்டருக்குச் சரியாக 5 மில்லிமீட்டர் என்றால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் இதுதான். மூலையில் கட்டரின் மையத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிய, அடுத்த கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கொன்ட்ரோலுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கொம்பென்சேஷனில் கூடுதலாக முன்வாசிக்கிறது. எக்ஸிலோ வையிலோ நகராத வரி ஒன்று நடுவில் வந்தால் தாண்டிப் பார்த்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு வந்தால், ஓர் எம்08 (கூலன்ட்), ஒரு ஜி04 (காத்திருப்பு), அல்லது இசெட் மட்டும் இறங்கும் வரி என்று, அடுத்த கோடு தெரியாமல் போய்விடும். தெரியாதபோது இப்போதைய கோட்டின் முனைக்கு நேர்செங்குத்தாக, ஆரத் தூரம் தள்ளி நிற்கும். உள்மூலையில் அந்த இடம் அடுத்த சுவரின் கோட்டிலேயே விழுகிறது. ஆகவே கடி சரியாக ஓர் ஆரம்.

இங்கேதான் முன்சொன்ன மருந்து விஷமாகும் இடம். சென்சர் பிரச்சினைக்கு 3411 இல் எழுதிய எம் நம்பரை யாராவது பொக்கெட்டின் நடுவில் போட்டால் முன்வாசிப்பு அங்கேயே அறுந்துவிடும். ஹாஸில் ஜி103 பி1 ஐ மறந்துபோய் விட்டுவிட்டு ஜி41 க்குள் போவதும் அப்படித்தான்.

கூலன்ட், இசெட் இறக்கம் எல்லாவற்றையும் ஜி41 க்கு முன்னால் முடியுங்கள். நடுவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் மூலையில் நிறுத்தாதீர்கள். நேர்கோட்டை நடுவில் இரண்டாக உடைத்து, அந்த உடைப்பில் போடுங்கள். அடுத்த கோடும் அதே திசை என்பதால் செங்குத்தாக நிற்கும் இடமே சரியான இடம். கடி விழாது, மெல்லிய தழும்பு மட்டும் விழலாம்.

கூர் மூலை வட்டமாகிறது

பஃபர் நிறைந்திருந்தால் கொன்ட்ரோல் இரண்டு கோட்டையும் கலந்து ஓட்டும். மூலையில் நின்று திரும்ப வைக்க, ஃபனக்கில் அந்த வரியில் மட்டும் ஜி09, பகுதி முழுதும் வேண்டுமென்றால் ஜி61, முடிந்ததும் ஜி64. ஹாஸில் ஜி187 பி3, வேண்டுமானால் இ மதிப்போடு. சீமென்ஸில் சைக்கிள் 832, ஹைடன்ஹைனில் சைக்கிள் 32 இல் பொறுதியை இறுக்குங்கள். ஜிஆர்பிஎல்லில் $11. புரோகிராம் முழுதுக்கும் ஜி61 போடுவது சோம்பேறித்தனம். திக்கல் நோய் திரும்ப வரும்.

சுவிட்சைப் போட்டேன், ஓஃப்செட்டை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை

சாய்கோடு போட்ட வரிகளைத் தாண்டும் சுவிட்ச், அந்த வரி பஃபருக்குள் போன பிறகு போட்டால் செல்லாது. ஒப்பரேட்டர் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டிய இடம் என்றால் அதற்கு முன்னால் ஓர் எம்01 வையுங்கள். ஓப்ஷனல் ஸ்டொப் சுவிட்ச் போட்டிருந்தால் நிற்கும், வாசிக்காது, தாண்டும் சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் அழுத்தலாம்.

ஃபீட் ஹோல்ட் போட்டு அடுத்த வரியைத் திருத்திவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் பழைய வரிதான் ஓடும். திருத்தியது மெமரியில், ஓடுவது பஃபரில். கட்டரை வெளியே தூக்கி, ரீசெட் அழுத்தி, பாதுகாப்பான ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள்.

ஓடும்போது தேய்மான ஓஃப்செட்டை மாற்றினால் எப்போது ஏறும் என்பது ஃபனக் மில்லிங் மெசினில் 5001 இன் 4ஆம் பிட்டில் இருக்கிறது. 0 என்றால் அடுத்த டி (ஆர ஓஃப்செட்) அல்லது ஹெச் (நீள ஓஃப்செட்) வரும்போது. 1 என்றால் இனி வாசிக்கும் வரியிலிருந்து. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சுவரின் நடுவில் படி விழுந்துவிடலாம். 0 இல் வைத்துவிட்டு, முடிப்பு வெட்டுக்கு முன்னால் டி ஐ இன்னொரு தடவை எழுதுவதைத்தான் நான் விரும்புவேன்.

கரண்ட் போய் வந்த பிறகு விட்ட இடம் தெரியவில்லை

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது இந்தக் கேள்வி எல்லாப் பட்டறையிலும் இருந்தது. வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிந்தால் பரவாயில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி போல, பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு தொட்டது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை போல, நாடே இருண்டால் எந்த அட்டவணையும் உதவாது.

கொம்பியூட்டர் யூபீஎஸ்ஸில் உயிரோடு இருக்கிறது, திரையில் 1240ஆம் வரி என்று காட்டுகிறது. அது அனுப்பிய வரி, வெட்டிய வரி அல்ல. ஜிஆர்பிஎல் ரவுட்டரில் பிளானரில் 15 வரி வரை, சீரியல் பஃபரின் 128 எழுத்தில் இன்னும் ஐந்தாறு வரி கிடந்திருக்கும். உண்மையில் வெட்டிக்கொண்டிருந்தது 1220க்குக் கிட்ட. வயரில் ஓடும் ஃபனக்கிலும் இதே வித்தியாசம் இருக்கும். முன்வாசிப்பு நீண்டால் வித்தியாசமும் நீளும்.

1240 இலிருந்து தொடங்கினால் நடுவில் வெட்டாத மேடு ஒன்று நிற்கும், அதைக் கட்டர் அடுத்த சுற்றில் முழு ஆழத்தில் போய் இடிக்கும். ஆகவே பின்னோக்கித் தேடி, கட்டர் கடைசியாக மேலே தூக்கப்பட்ட இசெட் வரியைப் பிடியுங்கள். அது நூறு வரி பின்னால் இருந்தாலும் பரவாயில்லை, காற்றை வெட்டுவதில் நட்டமில்லை. மெசினை ஹோம் பண்ணி, வேலைப் பூச்சியத்தை ஒரு விளிம்பில் தொட்டுச் சரிபார்த்து, ஸ்பின்டில் வேகம், ஃபீட், ஜி54, ஜி90, டூல் நீளம் எல்லாவற்றையும் தொடக்கத்தில் கையால் எழுதி, அந்த இசெட் வரியிலிருந்து ஃபீட் ஓவர்ரைடை 10 சதவீதத்தில் வைத்து இறக்குங்கள். பழைய வெட்டின் அடியைக் கட்டர் தொட்டதும் தூள் மட்டும் பறந்தால் ஓவர்ரைடை ஏற்றலாம். சுருள் வந்தால் நிறுத்தி இசெட் பூச்சியத்தை மறுபடி பாருங்கள்.